பிள்ளையாருக்கு அடியில்

பிள்ளையாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் தனபாக்கியத்துக்கு விஷயம் புரிந்தது.

சிங்கப்பூர் ஜூரோங்கில் நடுச்சுவர் ஒன்றாக இருந்த இரண்டு பழைய தொழிற்கூடங்கள். ஒன்றில் தனபாக்கியம் தோசைமாவு அரைத்து விற்றாள். தேக்காவில் பாதிக் கடைகளுக்கு அவள் மாவுதான். அடுத்ததில் பரமசிவம் இரும்புச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசினார். பின்மூலையில் சிமெண்ட் மேடை கட்டி ஒரு பிள்ளையாரை உட்கார வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தனபாக்கியம் சுண்டல் செய்து எடுத்துப் போவாள். பரமசிவம் நெற்றி நிறைய விபூதியோடு நின்று வாங்கிக்கொள்வார். பக்தி என்றால் அப்படியொரு பக்தி!

குத்தகையைப் புதுப்பித்த வருஷம் மண்ணைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலை நிலத்தில் ரசாயனம் இறங்கியிருக்கிறதா என்று துளை போட்டுப் பார்ப்பது வழக்கம். துளை போட வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். "பின்மூலையிலயும் ஒண்ணு போடணும்ணே" என்றார். பரமசிவம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி உக்காந்திருக்கிற இடம்ப்பா."

அந்த நேரம் பார்த்து தனபாக்கியம் வேறு சுண்டலோடு வந்து நின்றாள். "ஏன்ப்பா, உங்க ஊர்ல சாமிக்கு அடியில மெஷினை வெச்சுக் குடைவீங்களா?" என்று சண்டைக்கே போய்விட்டாள். அந்த மனிதர் பூட்ஸைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வேறு பக்கம் துளை போட்டார். அங்கேயெல்லாம் மண் சுத்தமாகத்தான் இருந்தது. ஏன் இருக்காது?

இப்போது பரமசிவத்தின் கம்பெனி திவால். நீதிமன்றம் நியமித்த லிக்குவிடேட்டர், இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரிப்பவர், வந்து உட்கார்ந்தார். நல்ல இயந்திரங்களை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? பரமசிவத்தின் மகள் ரக்‌ஷனா துவாஸில் புதிதாகத் தொடங்கிய கம்பெனி. அந்தப் பணம் நேரே, கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிக்குப் போனது. இயந்திரங்களோடு பிள்ளையாரும் போனார். அவரைப் பெயர்த்தபோது மேடை உடைந்து, கீழே ஒரு குழி வாயைத் திறந்தது. முலாம் பூசிக் கழித்த அமிலத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, விரிசல் விட்டுப்போன குழி. தனபாக்கியத்தின் கடைத் தரையில் கொஞ்ச நாளாய் ஊறிக்கொண்டிருந்த மஞ்சள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதிகாரிகள் வந்து கடையை மூடச் சொன்னார்கள். மண் சுத்தமாகும்வரை ஒரு படி அரிசிகூட அரைக்கக் கூடாது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. தேக்கா கடைக்காரர்கள் வேறு மாவுக்கு மாறத் தொடங்கினார்கள்.

லிக்குவிடேட்டர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த வித்யாவை அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நேராவே சொல்லிடறேன் ஆன்ட்டி," என்றாள் வித்யா. "இந்த லீஸை நாங்க கைவிடப் போறோம். ஒரு சொத்தால வரவே இல்ல, செலவுதான்னா, லிக்குவிடேட்டர் அது வேணாம்னு நோட்டீஸ் குடுத்துடலாம். சட்டத்துல இடம் இருக்கு. அப்புறம் கம்பெனிக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப அந்தக் குழி?"

"இடத்தோட போயிடும். யார் தோண்டுறது, யார் செலவுன்னு சண்டை முடியவே வருஷக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"உங்க நஷ்டத்துக்கு நீங்களும் ஒரு கிரெடிட்டரா கிளைம் போடலாம். ஆனா பேங்க் எல்லாம் எடுத்தது போக உங்க முறை வர்றப்ப…" வித்யா கையை விரித்தாள்.

"கிரெடிட்டரா? அந்த ஆளுக்கு நான் எப்பம்மா கடன் குடுத்தேன்? சுண்டல்தானே குடுத்தேன்!"

வித்யா சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வழி இருக்கு. பரமசிவம் சார் தெரிஞ்சே மறைச்சிருந்தா, அவர் மேலயே கேஸ் போடலாம். ஆனா குழி முன்னாடி இருந்தவங்களோடது, எனக்குத் தெரியவே தெரியாதுன்னு அழறார் லா. தெரிஞ்சிருந்தா அங்க போய் சாமியை வைப்பேனான்னு கேக்கறார்."

லாபத்தை மகள் அள்ளிக்கொள்ளலாம், பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளலாம், விஷத்தை மட்டும் எல்லாரும் கைகழுவிவிடலாம். கடைசியில் அது மாவு அரைக்கிறவள் தலையில் வந்து விடியும். இதைக் கேட்க நாதியில்லை! புக்கிட் பாத்தோக் வீட்டுக்குப் போகும்வரை தனபாக்கியம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே போனாள்.

அந்த வாரமே பரமசிவம் போன் செய்தார். வெட்கம் என்ற ஒன்று இருந்தால்தானே! "தனம்மா, வர்ற வெள்ளிக்கிழமை புது இடத்துல பிள்ளையாருக்குப் பிரதிஷ்டை. உன் சுண்டல் இல்லாம எப்படி?"

வாய் வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். "வர்றேண்ணே."

பிறகு வித்யாவுக்குப் போன் செய்தாள். கடைசி இயந்திரத்துக்கு ரக்‌ஷனாவிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால், வித்யாவும் வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை துவாஸில் வாழைமரம், தோரணம், புதுப் பெயர்ப்பலகை. வங்கிக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். தனபாக்கியம் ஒரு கையில் சுண்டல் பாத்திரமும் மறுகையில் பித்தளைச் செம்புமாய் வந்தாள். செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர்.

"பழைய இடத்துத் தண்ணி கொஞ்சம் சேர்த்தாத்தானே சாமிக்குப் புது இடம் ஒட்டும்? அதான் எங்க கடையில இருந்து பிடிச்சிட்டு வந்தேன்," என்றாள்.

அர்ச்சகருக்குச் சந்தோஷம். பரமசிவத்துக்கு முகம் செத்துவிட்டது. "கடையில எங்க பிடிச்ச?" என்றார் அடிக்குரலில்.

"கடையிலதாண்ணே. ஏன், என்ன ஆச்சு?"

செம்புத் தண்ணீரில் பாதியை ஊற்றி அர்ச்சகர் அபிஷேகத்தை முடித்தார். அந்தத் தீர்த்தத்தை உத்தரணியில் மொண்டு முதலில் அவரிடம்தான் நீட்டினார். தொண்டை சரியில்லை என்று முனகிக்கொண்டு பரமசிவம் பின்னால் நகர்ந்தார். அடுத்து நின்றது ரக்‌ஷனா. பயபக்தியோடு கையைக் குவித்து வாங்கி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காத!"

பரமசிவம் பாய்ந்து மகளின் கையைத் தட்டிவிட்டார். தண்ணீர் அவள் புடவையெல்லாம் தெறித்தது. "குழித் தண்ணி அது! அதுல நான் என்னென்ன கொட்டுனேன்னு எனக்குத்தான் தெரியும்!"

நாதஸ்வரப் பாட்டை யாரோ நிறுத்தினார்கள். வித்யா கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

தனபாக்கியம் செம்பை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கேம்பல் லேன்ல வாங்கின மஞ்சத்தூள்ணே. குழாய்த் தண்ணியில கரைச்சேன். உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது." அவள் குரல் உயர்ந்தது. "உங்க தண்ணி எங்க தரையில ஊறிக்கிட்டுத்தான் இருந்தது. நான் அங்கதான் மாவு அரைச்சேன். எத்தனை வீட்டுப் பிள்ளைங்க அந்தத் தோசையைத் தின்னுச்சு? ஒரு பிள்ளை கையையாவது தட்டிவிட்டீங்களா? ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் பிள்ளையாரைக் கைகாட்டினாள்.

"குழிக்குச் சாமியைக் காவலுக்கு வெச்சிருக்கீங்க. என்னையும் சேர்த்து வெச்சிருக்கீங்க!"

"அப்பா," என்றாள் ரக்‌ஷனா, ஈரக் கையை அப்படியே நீட்டிக்கொண்டு. "தெரிஞ்சேதான் அங்க வெச்சீங்களா?"

வித்யா முன்னால் வந்தாள். "சார், நீங்க இப்ப சொன்னதை நான் மட்டும் கேக்கல. இங்க இருக்கிற எல்லாரும் கேட்டாங்க. லீஸ் விஷயம் அப்புறம். முதல்ல உங்ககிட்டதான் பேசணும்."

தனபாக்கியம் அதற்கு மேல் நிற்கவில்லை. ஒரு கரண்டி சுண்டலைப் பிள்ளையார் முன்னால் இலையில் வைத்தாள். அவர் என்ன பாவம் செய்தார்? மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.