சருகுக்குக் கீழே

“தீய வைக்காதடா, சொன்னாக் கேளு…”

“வர்ற சனம் எங்கக்கா உக்காரும்? இந்தக் குப்பை மேலயா?”

“அது குப்பை இல்லடா!”

“அப்பாவும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஊரே சிரிச்சாய்ங்க. இப்ப நீயுமா?”

பாண்டிமீனா தம்பி கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையிலிருந்து அழுததில் இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா பேச்சிமுத்து. வீட்டை ஒட்டி அவருடைய மேய்ச்சல் தரை. காய்ந்த கொழுக்கட்டைப்புல் தாளும் சருகுமாகப் படுத்துக் கிடந்தது. பந்தல்காரர் கம்புகளை இறக்கிவைத்துவிட்டுக் காத்து நின்றார்.

“கொளுத்துனா மழைக்குப் பச்சுனு வரும்க்கா. எல்லாரும் செய்யுறதுதான்.”

“பக்கத்துக் காட்டுல போன வருசம் கொளுத்துனாய்ங்களே, பாரு, ஓடு மாதிரிக் கெடக்கு. அம்மா பொழப்பே அந்த ரெண்டு மாடுதான். அதுக எதைத் திங்கும்?”

“அம்மாவ நான் பழங்காநத்தத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“மாட்டையுமா? ஒன் மூணாவது மாடிக்கு?”

பந்தல்காரர் வந்த சிரிப்பை மறைக்கச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி முத்துக்குமரன் ஆத்திரத்தில் சருகை ஓங்கி எத்தினான். அது பாய் சுருள்வதுபோல ஒதுங்கியது. கீழே மண் கறுத்திருந்தது. பங்குனியிலிருந்து ஒரு பொட்டு மழையில்லை. குனிந்து தொட்டான், விரலில் ஈரம் ஒட்டியது. புல் தூரில் ஊசி ஊசியாக வெளிறிய குருத்துகள். பிறகு, எத்திய சருகை இரண்டு கையாலும் இழுத்து மூடினான்.

“அண்ணே, பந்தல ரோட்டோரமாவே போட்டுருங்க.”

பெட்டியருகே தலைவிரித்து உட்கார்ந்திருந்த அம்மா சோணையம்மாள் நிமிராமலே சொன்னாள்.

“மழைக்கு முந்தி சருகைக் கொஞ்சம் வழிச்சு விட்டுருங்கப்பா. அம்புட்டும் அப்படியே கெடந்தா, குருத்து வெளிச்சம் பாக்காம அழுகிரும்.”

“நீ வழிச்சிருக்கியாம்மா?” என்றாள் பாண்டிமீனா.

“ஒங்கப்பா என்னைய எங்க தொடவிட்டாக! கையால அளைஞ்சு பாப்பாக, அப்புறம் வழிப்பாக.”

தொழுவத்தில் மாடு கத்தியது. அப்பா தன்னிடமும் அந்தக் கணக்கைச் சொல்லித் தந்ததில்லை என்பது பாண்டிமீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியைப் பார்த்தாள். அவன் கையைத் தட்டியபடி வாசலுக்கு வந்தான். ஏதோ யோசனையில் பெட்டிப் பக்கம் குனிந்து, அப்பா உயிரோடு இருப்பதுபோலவே கேட்டான்:

“எம்புட்டுப்பா வழிக்கணும்?”