தேவேந்திரன் தராசு

விடிகாலை ஐந்து பத்துக்குத் தேவேந்திரன் தன் நண்டுக் கொட்டகையில் தராசு மேடையில் ஏறி நின்றான். தினமும் தன் எடையைப் பார்ப்பது, ஒன்பது வருடம் கம்பிக் கூண்டுக்குள் ஆளோடு ஆள் மோதும் கூண்டுச் சண்டை போட்டதில் வந்த பழக்கம். இப்போது எண்பது கிலோ இருப்பான். தராசு நூற்று நாற்பத்தைந்து கிலோ எண்ணூறு என்றது.

இறங்கினான். இருபது கிலோ எடைக்கல்லை வைத்தான். இருபது. மறுபடி ஏறினான். தகடு கிறீச்சிட்டது. இரண்டு நண்டுக் கூடைகள் சேர்ந்து ஏறினால்தான் அப்படிக் கத்தும். நூற்று நாற்பத்தைந்து எண்ணூறு.

கூடுதல் அறுபத்தைந்து எண்ணூறு. அந்த எடை அவனுக்குத் தெரியும். கடைசிச் சண்டைக்கு முந்தின நாள் சென்னையில் எல்லார் முன்னாலும் எதிராளி ஜெகதீஸ்வரன் தராசில் ஏறி நின்று காட்டிய எடை. மறுநாள் தேவேந்திரன் அவன் முதுகில் தொற்றிக் கழுத்தை இறுக்கினான். தோற்றேன் என்று ஜெகதீஸ்வரன் மூன்று முறை அவன் கையில் தட்டினான். நடுவர் மறுபக்கம் நின்றார். தட்டியது தேவேந்திரனுக்குத் தெரிந்தது. விடவில்லை. ஜெகதீஸ்வரன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதோடு கூண்டை விட்டான். பழவேற்காட்டுக்குத் திரும்பி நண்டு வியாபாரம் தொடங்கினான். மற்ற வியாபாரிகள் எடையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றினார்கள். இவன் எண் தெரியும் பக்கத்தை விற்க வருகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ஒன்றுக்காகவே நண்டு பிடிக்கும் பசியாவரம் கிராமத்துப் பெண்கள் வேறு எங்கும் நிற்காமல் இவனிடம் வந்தார்கள். தராசு பொய் என்று பெயர் வந்தால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

அவன் இறங்குவதற்குள் அங்காளம்மாள் நண்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். எண்ணைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, ராத்திரி எருமையத் துன்னியா?"

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். எண் அவர்களுக்கும் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. கூட்டிக் காட்டுகிற தராசு குறைத்தும் காட்டும் என்றாள் ஒருத்தி. எந்தக் கூடையும் தரைக்கு இறங்கவில்லை. அவன் எடைக்கல்லை வைத்துக் காட்டினான். கல்லும் உன்னுடையதுதானே என்றாள் இன்னொருத்தி.

அங்காளம்மாள் கூடையை இறக்கிவிட்டுத் தானே மேடையில் ஏறினாள். முந்தின நாள் பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஐம்பத்திரண்டு என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தராசும் ஐம்பத்திரண்டு என்றது. அவள் இறங்கி, அவனை ஏறச் சொன்னாள்.

மாட்டேன் என்றால் தராசு பொய். ஏறினான்.

நூற்று நாற்பத்தைந்து எண்ணூறு.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கி வரிசையில் வைத்தார்கள். தராசை நம்பிவிட்டார்கள். வைத்துவிட்டு எல்லாரும் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். அங்காளம்மாள் மட்டும் உள்ளே நின்றாள். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"தராசு மேல குத்தமில்ல நைனா. நீ யாரை இறக்கி வுடாம சுமந்துக்கினு கீறே?"