ஆறரைக்குத் திறந்த கேட்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது செங்கொடி காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ஈரம். பக்கத்திலிருந்தவள்தான் போனைக் காதில் வைத்துப் பிடித்தாள்.

"மாயாவோட அம்மாங்களா? நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வர முடியுமா?"

என்ன ஏது என்று கேட்கவும் பயமாக இருந்தது. "வரேன் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு உரித்த இறால் ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஏழு வாரமாக அவர்களுக்கு வீடு இல்லை. தண்டையார்பேட்டையில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்த பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வீடு யார் பேரில் இருந்ததோ அவர்களுக்கு மாற்று ஏற்பாடு உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வேறு வீட்டுக்குக் கேட்கிற அட்வான்ஸோ எட்டாத உயரத்தில் இருந்தது. அவள் புருஷன் பொன்னுரங்கம் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். கல்மண்டபம் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் வாசலில் வண்டியை மறைப்பாக நிறுத்தி, மேலே தார்ப்பாயைக் கட்டினான். "ஒரு வாரம் தாங்கு. எதுனா வயி பண்றேன்" என்றான். அந்த ஒரு வாரம்தான் ஏழு வாரமாக நீண்டுவிட்டது.

எட்டாவது படிக்கும் மாயாவிடம் செங்கொடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "ஸ்கூல்ல யாராண்டயும் மூச்சு வுடாத. கேட்டா பழைய அட்ரஸே சொல்லு. தெரிஞ்சா ஒன்ன எங்கனா ஹோமுக்கு இட்டுக்கினு பூடுவாங்க." அப்படிப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போவதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். யார் சொன்னது, எந்தப் பிள்ளைக்கு நடந்தது என்று கேட்டால் தெரியாது. பயத்துக்கு விவரம் எதற்கு?

சாயங்காலம் மாயாவைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாடி பண்ண ஸ்கூல்ல? எதுக்கு வரச் சொல்றாங்க?"

மாயா தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் பண்ணலம்மா. நீ போய்ப் பாரு."

மறுநாள் செங்கொடி இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுகப் பழைய முகவரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வகுப்பாசிரியை ரிஃபானா வண்ணாரப்பேட்டைக்காரர், கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் செங்கொடி ஆரம்பித்துவிட்டாள்.

"நாங்க அதே வூட்லதான் கீறோம் மிஸ். மூணாவது மாடி. இட்சிட்டாங்கன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

டீச்சர் அதை மறுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "பிள்ளைங்க மனசுல இருக்கறத எழுதிப் போட ஒரு பெட்டி வச்சிருக்கோம். மூணு வாரத்துக்கு முன்னாடி இது அதுல இருந்துச்சு."

செங்கொடி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். *மிஸ், கேட்ட காலைல சீக்கிரம் தொறக்க முடியுமா. குளிக்கணும், பாத்ரூம் போகணும். ஏன்னு கேக்காதீங்க.* கீழே பேர் இல்லை. ஆனால் அந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"அவ நோட்டைத் தினமும் திருத்தறேன், எனக்கும் தெரிஞ்சுது" என்றார் டீச்சர். "ஹெச்.எம்.கிட்ட பேசி மறுநாளே ஆறரைக்குக் கேட்டைத் திறக்க வச்சோம். இவளுக்காகன்னு தெரிய வேணாம்னு, சீக்கிரம் வந்து படிக்கிறவங்க யாரா இருந்தாலும் வரலாம்னு எல்லா வகுப்புலயும் சொல்லிட்டோம். இப்ப ஒன்பது பேர் வர்றாங்க. சிவந்தி ஆயா பக்கெட்டும் சோப்பும் எடுத்து வச்சிடறாங்க."

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டு தினமும் ஆறேகாலுக்கே மகள் ஓடியது அப்போதுதான் செங்கொடிக்கு விளங்கியது. முதலில் வந்தது கோபம். "வாயத் தொறக்காதன்னு சொன்னேன். எய்தி வேற போட்டுக்கீறா!" என்று சீறினாள்.

"ஏன்னு கேக்காதீங்கன்னு எழுதியிருந்தா. நானும் கேக்கலம்மா. போன வாரம் பிள்ளைங்களோட பேச ஆலோசகர் மேடம் வந்தாங்க. அவளாவே போய் அவங்ககிட்ட உட்கார்ந்துட்டா. என்கிட்ட சொல்லலாமான்னு அவளைக் கேட்டுட்டுத்தான் மேடம் சொன்னாங்க." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீடு இல்லைன்னு அவ அழுவலம்மா. எங்கம்மா ராத்திரி முழுக்க உக்காந்துக்கினே இருக்காங்க, தூங்கறதே இல்ல, அவங்களுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருக்குன்னு சொல்லி அழுதிருக்கா."

செங்கொடியால் அதற்குமேல் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை. வயசுக்கு வந்த பெண்ணைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தெருவில் எந்தத் தாய்க்குக் கண் மூடும்? தான் விழித்திருப்பது மகளுக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அழுது ஓய்ந்ததும் செங்கொடி கேட்டாள்: "எம் பொண்ண எங்ககிட்டேர்ந்து பிரிச்சிட மாட்டீங்களே மிஸ்?"

"அதுக்குக் கூப்பிடலம்மா. ராயபுரத்துல மாநகராட்சி காப்பகம் ஒண்ணு இருக்கு. குடும்பத்தோட தங்கலாம், மூணு பேரும். ஒரு அறை காலியா இருக்குன்னு ஹெச்.எம். விசாரிச்சு வச்சிருக்காங்க. நீங்க பாருங்க. பிடிக்கலைன்னா வேணாம், வேற யோசிப்போம். கேட் எப்படியும் ஆறரைக்குத் திறந்திருக்கும்."

மத்தியானம் டீச்சருக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்குழலி என்ற பெண் ஓர் அறையைத் திறந்துவிட்டாள். சின்ன அறைதான். ஒரு ஜன்னல், ஒரு விசிறி, சுவரோரம் இரண்டு பாய்.

"என் வூட்டுக்காரரு மீன்பாடி வண்டி வச்சிகினு கீறாரு. நாத்தம் அடிக்கும்" என்றாள் செங்கொடி. கடைசியாக ஏதாவது தடங்கல் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேதான் அதைச் சொன்னாள்.

"பின்பக்கம் வுட்டுக்கட்டும். கய்வி வுட்டா போச்சு. இங்க யாரு மீன் துண்ணாதவங்க?" என்று சிரித்தாள் கார்குழலி.

செங்கொடி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். வெளியே டீச்சரும் கார்குழலியும் எதுவும் கேட்காமல் நின்றிருந்தார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாயா அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனாள். பொன்னுரங்கம் லோடு ஏற்றப் போய்விட்டான். பாத்திரங்களை அடுக்கிவிட்டு வேலைக்குப் போகலாம் என்றுதான் செங்கொடி நினைத்திருந்தாள். பாயில் ஒரு நிமிஷம் சாய்ந்தாள்.

கதவை யாரோ இடிக்கிற சத்தம் கேட்டு அவள் எழுந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. திறந்தால் புத்தகப் பையோடு மாயா. பயந்துபோன முகம்.

"எவ்ளோ நேரமா தட்டறேன்! இன்னாம்மா ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்லடி. தூங்கிட்டேன்."

மாயா அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. தலைமுடி ஒரு பக்கமாகக் கலைந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பையை மூலையில் போட்டுவிட்டு, "சாப்ட ஏதாச்சும் கீதா?" என்று கேட்டாள்.

"இன்னும் உலையே வெக்கலடி" என்று சொல்லிவிட்டுச் செங்கொடியும் சிரித்தாள்.