‘நான் அமைதியானவள்’: ஐந்துக்கு ஐந்து

எழுதிப் பழகாத கை இது. கற்றறிந்தோர் முன் துணிந்து நீட்டியமைக்கு முதற்கண் பணிவோடு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும், ஜெஸ்மினுக்கு நேர்ந்ததை அறிந்தும் வாய்மூடியிருப்பது இதைவிடப் பெரிய பிழையாகும்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையான ஜெஸ்மின், பல்கலைக்கழக இரண்டாம் வருடப் பரீட்சையில், மண்டபத்திலேயே மயங்கி விழுந்தாள். வைத்தியச் சான்று இல்லையேல் மீள்பரீட்சை இல்லை என்றார்கள். சோதித்த வைத்தியரோ நோய் எதுவும் இல்லையென்று கைவிரித்தார். அவ்வேளையில்தான், இளவயதினரின் குணவியல்பையும் எச்சிலில் தெரியும் மன அழுத்த ஓமோனையும் ஒப்பிடும் ஆய்வொன்றுக்கு மருத்துவ பீடத்தில் ஆள் தேடினார்கள். ஓமோன் மிகுந்தவர்களுக்கு வைத்தியக் கடிதம் தரப்படும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை நம்பியே அவள் பெயர் கொடுத்தாள்.

மூன்று நாட்கள், கண் விழித்ததும் பல் துலக்காமல், தேநீர் தொடாமல், நாளுக்கு நான்கு சிறு குப்பிகளில் எச்சில் சேகரித்தாள். தொண்ணூற்றாறு கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தில் ‘நான் அமைதியானவள்’ என்ற கூற்றுக்கு ஐந்துக்கு ஐந்து இட்டாள். பிறந்த நாள் முதல் ஊரே அவளை அப்படித்தானே அழைத்தது?

மீள்பரீட்சை விண்ணப்பத்தின் இறுதி நாளன்று கடிதம் கேட்டுப் போனாள். ஆய்வு உதவியாளர் ருஷ்தி கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“தங்கச்சி, ஒங்கட எச்சில் ஒரு கத சொல்லுது, ஒங்கட பேனை வேற கத சொல்லுது. ஓமோன் உச்சத்தில நிக்குது. நீங்க அமைதியெண்டு போட்டிரிக்கிறீங்க. பொய்ப் பதில் எண்டு ஒங்கள ஆய்விலிருந்து நீக்கிட்டம்.”

நீக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் இல்லை என்பதையும் அவரே விளக்கினார்.

குழாயடியில் இடித்துத் தள்ளினாலும், விரிவுரையில் பெயரைப் பிழையாக வாசித்தாலும் வாய் திறவாதவள் ஜெஸ்மின். அன்று அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றியெரிந்தது.

“சேர், எங்க லயத்துல அமைதின்னா வாயத் தொறக்காம இருக்கிறது. அதத்தான் எழுதுனேன். உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு நீங்க எங்க கேட்டீங்க? சொல்லு வெளங்காம கேட்டது நீங்க, பொய்க்காரி நானா?”

நடைவழியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இவங்கதான் அமைதியாம்” என்றார் ருஷ்தி, பக்கத்து மேசையைப் பார்த்து. அந்த மேசையும் சிரித்தது.

பொறுப்பாளரைக் காணக் கேட்டாள். அவர் கூட்டத்தில் இருந்தார். நான்கு மணிக்குப் பரீட்சைக் கிளையின் கதவு சாத்தப்பட்டது. எச்சில் உண்மை பேசியது என்று ஒப்புக்கொண்டவர்களே அந்த உண்மையையும் கழுவித் தொட்டியில் ஊற்றினார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இழந்தவை இவ்வளவே: பன்னிரண்டு குப்பி எச்சில். தொண்ணூற்றாறு விடைகள். வராத ஒரு கடிதம். ஒரு பரீட்சை, அதனோடு ஒரு வருடம். அமைதியான பிள்ளை என்ற பெயர்.