திருப்பிச்சொல்லு சிஸ்டர் வாய் மூடிய நாள்

நான்காவது வார்டின் மூத்த நர்சுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி ஊருக்கே அவர் திருப்பிச்சொல்லு சிஸ்டர். நோயாளியிடம் எதைச் சொன்னாலும், “இப்ப நான் என்ன சொன்னேன்? உங்க வாயால திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்காமல் அந்தப் படுக்கையை விட்டு ஓர் அடி நகரமாட்டார். மயக்கம் தெளியாதவர்கூடக் கண்ணைத் திறப்பதற்கு முன் மாத்திரை நேரத்தை ஒப்பித்துவிடுவார். வீட்டிலும் இதே கூத்துதான். அரைக் கிலோ தக்காளி, ஒரு சோப்பு என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் கணவருக்குச் செருப்பு மாட்ட அனுமதி. மனுஷர் தூக்கத்தில் புரளும்போதுகூடத் தக்காளி என்றுதான் முனகுவார்.

அப்படிப்பட்டவர் மேல்தான் வழக்கு வந்தது, சொல்லவேண்டியதை நோயாளியிடம் சொல்லவில்லை என்று.

வழக்குப் போட்டவர் ஏழாம் படுக்கைக்காரரின் மகன். ஏழாம் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். முழங்கால் அறுவை முடிந்த மறுநாள் மத்தியானம் தனியாக எழுந்து நடக்கப்போய், விழுந்து, இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தனியாக எழுந்திருக்கக் கூடாது என்று ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லை என்று மகனிடம் சாதித்துவிட்டார். தீர்ப்பு எதிராகப் போனால் சிஸ்டருக்கு வேலை இல்லை. இருபத்தாறு வருட சர்வீஸ் ஒரே கையெழுத்தில் காலி.

விசாரணைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியின் வக்கீலம்மா கேஸ் ஷீட்டைக் கிழியாத குறையாகப் புரட்டினார்.

“சிஸ்டர், ஊசி போட்டது இருக்கு, சிறுநீர் அளவு இருக்கு, ஜன்னல் திரை மாத்தினதுகூட இருக்கு. எழுந்திருக்கக் கூடாதுன்னு சொன்னது எங்க?”

“அதைப் போய் யாராவது எழுதுவாங்களா? மூச்சு விட்டேன்னு எழுதறோமா?”

“ஏட்டுல இல்லைன்னா கோர்ட்டைப் பொறுத்தவரை நீங்க சொல்லவே இல்ல.”

“நாலு தடவை சொன்னேன் வக்கீலம்மா. அவரும் நாலு தடவை திருப்பி...”

“இந்த வாய்தான் நாளைக்கு நம்மளக் கவுக்கப் போகுது. கேட்டதுக்கு மட்டும் பதில். கேட்கலைன்னா வாயைத் திறக்கவே கூடாது. எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சிஸ்டர் உட்கார்ந்தது ஆயுளில் அதுதான் முதல் தடவை. இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சொன்னதா எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?”

“இல்லை.”

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் நானூறு சொற்கள் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. சிஸ்டர் அத்தனையையும் விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். முழங்கால் இன்னும் சரியாகாததால் அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டார்கள்.

“தனியா எழுந்திருக்கக் கூடாதுன்னு இந்த நர்ஸ் உங்ககிட்ட சொன்னாங்களா?” என்று அதே வக்கீல் கேட்டார்.

“இல்லீங்க” என்றார், சிஸ்டர் இருந்த பக்கம் மட்டும் பார்க்காமல்.

சிஸ்டரின் உதடு துடித்தது. வக்கீலம்மா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

“சரி, நீங்க போகலாம்” என்றார் நீதிபதி.

ஓட்டுநர் எழவில்லை. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். வலது கையால் கைப்பிடியை மேலும் கீழுமாகத் தடவினார். மகன் ஓடிவந்து தோளைத் தொட்டார்.

“இருடா. இன்னும் அமுக்கல.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “என்ன தேடறீங்க?”

“பட்டனுங்க.”

“என்ன பட்டன்?”

“கட்டில் பக்கத்துல இருக்குமே, சிஸ்டரைக் கூப்பிடற சிவப்பு பட்டன். அதை அமுக்கணும், பத்து எண்ணணும், சிஸ்டர் வந்து கையைப் பிடிச்ச பிறகுதான் கால் தரையில படணும். அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது...” ஒரே மூச்சில் ஒப்பித்தவர், பாதியில் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து நின்றார்.

கோர்ட்டில் மின்விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. வெடித்துவிடுவோமோ என்று பயந்த சிஸ்டர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

“இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார் நீதிபதி.

ஓட்டுநர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கைக்குட்டையும் வாயுமாக இருந்தவரைக் காட்டினார்.

“அப்ப ஏன் அமுக்கல?”

“அமுக்கினா வந்துடுவாங்களே. எதுக்கு எழுந்தீங்கன்னு கேட்பாங்க. எட்டாம் படுக்கைக்காரர் எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தாரு. அவரோட கிரீம் பிஸ்கட் பாக்கெட் திறந்து கிடந்துச்சு. எனக்கு சுகர் முந்நூறு.”

“அப்பா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றார் மகன்.

“உன்கிட்ட சொன்னா உங்கம்மாகிட்ட போயிடும்.”

மூன்றாம் வரிசையில் இருந்த உங்கம்மா கைப்பையைச் சத்தமாக மூடினார். அந்தப் பக்கம் திரும்ப ஓட்டுநருக்குத் தைரியம் வரவில்லை.

வழக்கைத் தள்ளுபடி செய்த கையோடு நீதிபதி சிஸ்டரைப் பார்த்தார். “இனிமே சொன்னதை எழுதியும் வைங்க. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க.”

சிஸ்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சொன்னார், ஓர் எழுத்து பிசகாமல்.

எல்லாரும் கிளம்பிய பிறகும் ஓட்டுநர் மட்டும் நாற்காலி விளிம்பிலேயே இருந்தார்.

“சிஸ்டர், பத்து எண்ணிட்டேன். கையைப் பிடிக்கலையே.”

சிஸ்டர் போய்க் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி, பேனாவோடு நீட்டினார்.

“படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.”

ஓட்டுநர் வாய்விட்டுப் படித்தார்: “பதினொன்று நாற்பது. நோயாளி பொத்தானைத் தேடினார். கைப்பிடித்து எழுப்பினேன். அருகில் பிஸ்கட் எதுவும் இல்லை.”