கப்பல் மரம்

விமான நிலையத்தின் பூச்சித் தடுப்பு அதிகாரி மரப்பெட்டியை வெள்ளைத்தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். மாவு போல ஏதோ உதிர்ந்தது.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"எங்கப்பா."

அதிகாரியின் கை அப்படியே நின்றது. மகள் சான்றிதழை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். தகன நிலையத்தின் முத்திரை இருந்தது. பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தன.

"சாம்பலுக்குத் தடை இல்ல. அவர் தாராளமா போகலாம்" என்றார். சொன்ன பிறகுதான் யாரைப் போகச் சொன்னோம் என்று உறைத்ததோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இருவரும் தாளில் கிடந்த பொடியைப் பார்த்தார்கள்.

"பையை நல்லா கட்டியிருக்கில்ல?"

"எங்கண்ணன் போட்ட முடிச்சு சார். அவன் கட்டுன ஷூ லேஸ் வாசப்படி தாண்டறதுக்குள்ள அவுந்துடும்."

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். அந்தக் குனிந்த தலையின் வழுக்கையை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து மேசையருகே ஒரு மோப்ப நாய், யாரோ மறந்துபோன ஆப்பிளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது.

"மரத்தூள்தாம்மா. பூச்சி குடைஞ்சு தள்ளினது."

சரி என்றாள். அண்ணன் போனில் "அப்பா போயிட்டாரு" என்றபோதும் இதே சரியைத்தான் சொல்லியிருந்தாள்.

அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றியவர். அங்கே அவருக்கு 'அளப்பு' என்று பெயர். ஒருமுறை ஜாக்கி உடைந்ததாம். பயணிகள் இறங்கவே இல்லையாம். ஒற்றைத் தோளில் பஸ்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டயரை மாற்றினாராம். நம்பாதவர்களுக்குத் தோளில் இருந்த தழும்பைக் காட்டுவார். அது சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்த தழும்பு.

ஓய்வு பெற்றபின், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். அங்கே பொழுது போகாமல் மனைவிக்கு ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தார். பயணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தினமும் போனில் அதே பேச்சுதான்.

"மரம் என்னன்னு நெனச்ச? முந்நூறு வருஷம் கடலுக்கடியில கெடந்த கப்பலோட பாய்மரம். ராத்திரி காதை வச்சா அலை அடிக்குது தெரியுமா?"

"நேரா ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, இதுல கப்பலு" என்பாள் அம்மா. "கொண்டாங்க, பாக்கறேன். எங்க, அது வரப்போறதில்ல."

"நானே கையில தூக்கிட்டு வர்றேன் பாரு."

பெட்டி முடிந்தது. மூடியின் கொக்கி மட்டும் ஒருநாளும் பொருந்தவில்லை. அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோதுதான் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். சாம்பலை எதில் வைப்பது என்று அண்ணன் கேட்டபோது, செய்தி கேட்டு அங்கே போயிருந்த மகள் யோசிக்காமல் பெட்டியைக் காட்டினாள். அவரும் வருவார், பெட்டியும் வரும். அம்மா இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மரம்மா இது?" அதிகாரி பேனாவை எடுத்தார். "நாள்பட்ட பழைய மரம்னா ஆய்வுக்கு அனுப்பலாம். சூடு காட்டி, கொஞ்ச நாள் கழிச்சுத் திருப்பித் தருவாங்க. பழப்பெட்டிப் பலகை மாதிரி பச்சை மரம்னா வழியில்ல. நீங்க சொல்றதத்தான் நான் எழுதணும்."

அது பழக்கடைக்குப் பின்னால் எறியப்பட்டுக் கிடந்த பழப்பெட்டிப் பலகை என்று அண்ணன் ரகசியமாகச் சொல்லியிருந்தான். மகள் வாயைத் திறந்தாள். கப்பல் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

அதற்குள் அதிகாரி பெட்டியிலிருந்த ஓர் ஓட்டையில் ஊசியை விட்டு, வெள்ளையாக ஒரு புழுவை வெளியே எடுத்தார். தாளில் போட்டதும் நெளிந்தது.

"உயிரோட இருக்கு" என்றார்.

மகள் அதையே பார்த்தாள். தலை எது, வால் எது என்று தெரியவில்லை.

"இது ஒண்ணு வெளிய போச்சுன்னா போதும்மா. தோப்பு தோப்பா தின்னு தீத்துடும்."

"பழப்பெட்டி சார்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். "எரிச்சுடுவோம்மா. வேற வழியில்ல."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பாவோடயே சேத்து ஒரே வேலையா முடிச்சிருக்கலாம்."

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கையுறைகள் வந்த ஓர் அட்டைப்பெட்டியைக் காலிசெய்து கொண்டுவந்தார். மகள் பையைத் தூக்கி அதற்குள் வைத்தாள். அண்ணன் போட்ட முடிச்சு அவிழவில்லை. என்றைக்குமில்லாத அதிசயம்.

"கொக்கிய வேணா எடுத்துக்கங்க. பித்தளைய எந்தப் பூச்சியும் தின்னாது." அவர் திருப்புளியால் நெம்பினார். ஆணி அசையவில்லை. "யாரு அடிச்சது இப்படி, கோணலா?"

மகள் அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

மேலும் பலமாக நெம்பியதும் கொக்கியும் அது மாட்டும் வளையமும் கையோடு வந்தன. புழுவை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடி, பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டினார்.

வெளியே கம்பித் தடுப்பின் ஓரமாக அம்மா நின்றிருந்தாள். தலையை நன்றாக வாரியிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் முதலில். பிறகு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அதில் கையின் படம் போட்டிருந்தது. "இதுலயா இருக்காரு?"

"ம்."

"பெட்டி எங்க?"

மகள் தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"அத ஏம்மா கேக்கற? ஆபீசர் காதை வச்சுக் கேட்டாரு. அலைச் சத்தம் கேக்குதேன்னு உள்ள ஓடிப்போய்ப் பெரிய ஆபீசரக் கூட்டிட்டு வந்தாரு. அவரும் காதை வச்சாரு. மோப்ப நாய் கூட வந்து காதை வச்சுச்சு. முந்நூறு வருஷத்துக் கப்பல் மரம், இதெல்லாம் வீட்ல வைக்கற சாமானே இல்ல, மியூசியத்துக்குத்தான்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. கொக்கிய மட்டும் உனக்குக் குடுக்கச் சொன்னாங்க."

அம்மா கொக்கியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கோணல் ஆணி ஒன்று அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாய் கூடவா?"

"நாய்தான் மொதல்ல வச்சுது."

டாக்ஸியில் மகள் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் கொக்கியை வளையத்தில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தன. சிக்னலில் வண்டி நின்றபோது அது டக்கென்று சுத்தமாகப் பொருந்தி மூடிக்கொண்டது. அம்மா அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை.