தவிர்க்க வேண்டிய தெருக்கள்

ஊர் வரைபட மென்பொருளில் குறுக்கு வழி காட்டும் வசதி வெளியான அன்று மருத்துவமனைச் சாலை பாதியாகச் சுருங்கிவிட்டது. பால் வண்டிக்காரர்தான் முதலில் கவனித்தார். எப்போதும்போலக் கிளம்பியவர் இரண்டு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்து, மருத்துவமனையின் இன்னும் திறக்காத கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். சாலையோரத்து வீடுகள், இருவர் இருக்கையில் மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்ததுபோல நெருக்கிக்கொண்டு நின்றன. உள்ளே இருந்தவர்கள் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். பீரோக் கதவு முழுக்கத் திறக்கவில்லை என்று ஒரு வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அன்று மதியமே நெஞ்சு வலி வந்த தச்சரை ஆம்புலன்ஸ் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதால், ஊர் அதை நல்லதென்றே எடுத்துக்கொண்டது.

அந்த மென்பொருளை எழுதியவள் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு பக்கம் வழி தெரியாமல் சுற்றும் ஓட்டுநர், இன்னொரு பக்கம் போனில் அழும் சொந்தக்காரர்கள் என்று பல வருடம் காது புளித்துப்போய், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஊரின் வரைபடத்தைத் தானே எழுதினாள். அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தாள். நிரலையும் திறந்தே வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், தன் பெயரில் வெளியிடலாம். ஊரில் அவளுக்கு வரைபடக்காரி என்ற பெயர் நிலைத்தது. பிறகு கோரிக்கைகள் குவிந்தன. அவளுக்கோ வேலைக்கும் போகவேண்டும், சாப்பிடவும் வேண்டும். அதற்கும் ஒரு வழி சொன்னார் மருந்துக்கடைக்காரர், நல்ல மனசுள்ள மனிதர். வேண்டும் என்கிற வசதியை ஒரு பக்கத்தில் போட வேண்டியது, விரும்புகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட வேண்டியது, போதுமான அளவு சேர்ந்ததும் அவள் லீவு எடுத்து எழுத வேண்டியது. அது நியாயமான யோசனை. தவறு என்று இன்றைக்கும் யாரும் சொல்ல முடியாது.

அப்படி முதலில் எழுதியதுதான் குறுக்கு வழி. அடுத்து சேர்ந்தது, வெயில் படாமல் நடக்க வழி காட்டும் வசதிக்கான பணம். அது வெளியானதும் கடைத்தெருவில் மரமில்லாத இடத்திலெல்லாம் நிழல் விழுந்தது. குடைக்கடைக்காரரைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வாரம்தான் பள்ளத்தெருவிலிருந்து அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். அக்கா தையல்காரி, புருஷன் போனபின் ஒரு மெஷினை வைத்துப் பிழைக்கிறவள்.

"ஏண்டி, என் நிழலைக் காணோம்டி."

"என்னக்கா சொல்றே?"

"கொடியில துணி காயுது, சுவத்துல அதோட நிழல் இல்ல. எனக்கும் இல்ல. எதிர்வீட்டு நாய் பாவம், படுக்க இடம் தேடி அலையுது."

அத்தோடு நிறுத்தாமல், பஸ் நிறுத்தம் முன்னைவிடத் தள்ளிப் போய்விட்டது, நடந்து நடந்து கால் வீங்குகிறது என்றாள். வரைபடக்காரி நிரலை வரி வரியாகப் பார்த்தாள். அதில் எந்தப் பிழையும் இல்லை. பிறகு பணம் போட்டவர்கள் எந்தெந்தத் தெரு என்று பார்த்தாள். ஊரில் எல்லாத் தெருவும் போட்டிருந்தது, பள்ளத்தெருவைத் தவிர. அங்கே இருந்தவர்களிடம் போடுவதற்கு ஒன்றும் இல்லை. எனவே மற்ற தெருக்களில் குறைந்த நீளம் அங்கே போயிருந்தது, நிழல் அங்கிருந்து வந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வசதிக்குப் பணம் போட்டி போட்டுக்கொண்டு வந்தது. பார்க்கப் பிடிக்காத, போக விரும்பாத தெருக்களை வரைபடம் காட்டாமல் விட்டுவிட வேண்டும். யாரும் எந்தத் தெருவின் பெயரையும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அவள் நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

"இதை நான் எழுத மாட்டேன் சார். எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிடுங்க."

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "தாராளமா திருப்பிடலாம்மா. ஆனா நீங்க எழுதலேன்னா வேற யாராவது எழுதுவாங்க. யார் வேணா எடுத்து எழுதலாம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"அங்க ஆளுங்க இருக்காங்க சார்."

"யாரையும் வெரட்டச் சொல்லலையே. படத்துல காட்ட வேண்டாம்னுதானே கேக்கறாங்க."

முகம் தெரியாத யாரோ ஒருவர், வேறு ஊரில் இருந்துகொண்டு, அதை எழுதிக்கொடுத்தார். சுத்தமான வேலை, அவளே எழுதியிருந்தாலும் அதைவிட நன்றாக வந்திருக்காது. ஊர் அந்தப் பிரதிக்கு மாறியது. முதலில் தபால்காரர் பள்ளத்தெருவைத் தேடிக் களைத்துத் திரும்பினார். அப்புறம் குப்பை வண்டி வரவில்லை. வரைபடக்காரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எல்லாத் தெருவையும் காட்டும் வசதி ஒன்றை எழுதி வெளியிட்டாள். அதற்கு அக்காவும் அக்காவின் அக்கம்பக்கத்தாரும் மட்டும் சில்லறை போட்டார்கள். ஊர் பணம் போடாத வசதி திரைக்குள்ளே ஒழுங்காக வேலை செய்தது. திரைக்கு வெளியே ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அவள் பள்ளத்தெருவுக்குப் புறப்பட்டுப் போனாள். மருந்துக்கடைச் சுவருக்கும் வங்கிச் சுவருக்கும் நடுவே லாரி நுழையும் அளவு இருந்த தெருமுனை, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு வந்திருந்தது. முழங்கை உரசி ரத்தம் வர உள்ளே போய்ச் சேர்ந்தாள். அக்கா மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்புக்கா. கட்டின துணியோட வா. இன்னைக்கு விட்டா முடியாது."

"நான் வரேன். எதிர்வீட்ல பக்கவாதத்துல கெடக்கறாரே, அவரு? அந்த இடுக்குல கட்டிலு போகுமா?"

"அவரை..." என்று தொடங்கியவள் வாசல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"மெதுவா யோசி. எனக்கொண்ணும் அவசரமில்ல," என்று அக்கா ஊசியில் நூலைக் கோத்தாள். பிறகு, தங்கையைப் பார்க்காமலே, "நீ போயிடு. உன்மேல வருத்தமில்ல. நீ நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றாள்.

வருத்தம் என்று அக்கா சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். அந்தச் சொல்லைக் கேட்டபின் எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் வாசலுக்கு வந்து பார்த்தபோது இரண்டு சுவர்களும் ஒட்டியிருந்தன. நடுவே நகம்கூட நுழையாது. அவள் கொஞ்ச நேரம் சுவரில் கை வைத்து நின்றுவிட்டு, உள்ளே போய்க் காயத்தைக் கழுவினாள்.

வருடங்கள் போயின. வெளியே மருந்துக்கடைக்காரர் அந்தச் சுவரில் இருமல் மருந்துக்கு அலமாரி அடித்தார். மெஷின் ஓடும் சத்தம் பின்னாலிருந்து கேட்கும்போது, எலி என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். சில நாள் அவரே அதை நம்பினார். உள்ளே வானம் ஒரு ரிப்பன் அளவுக்கு இருந்தது, மழை அதன் வழியே ஒழுங்காகப் பெய்தது. தெருக்காரர்கள் கூரைமேல் கீரையும் தக்காளியும் போட்டார்கள். வரைபடக்காரியின் கணினிக்கு இணைப்பு மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. பிழை என்று யார் எழுதினாலும் அவள் மரியாதையாகப் பதில் எழுதித் திருத்திக்கொடுத்தாள். அவள் வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டதாக ஊரில் பேச்சு. தவிர்க்கும் வசதிக்குப் பணம் நிற்கவே இல்லை. பள்ளத்தெரு போனபின் வேறு தெரு அசிங்கமாகத் தெரியத் தொடங்கியது, அது போனபின் இன்னொன்று.

அதனால் ஒருநாள் காலையில் தெருவின் மறுகோடிச் சுவர் விலகி, மருத்துவமனைச் சாலையின் ஒரு பகுதி அப்படியே வந்து ஒட்டிக்கொண்டபோது யாரும் அலறவில்லை. அங்கிருந்தவர்கள் பல் துலக்கும் பிரஷோடும் பள்ளிக்கூடப் பைகளோடும் வாசலில் நின்று விழித்தார்கள். தரையில் தங்கள் நிழலைத் தேடினார்கள். வரைபடக்காரி வாசற்படிக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அக்கா, ஆளுங்க வந்திருக்காங்க" என்றாள். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து, அவர்களை உள்ளே கூப்பிடப் போனாள்.